இடது பலகை

எல்செயாரைத் தூக்கில் போட்டது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை சாட்சியை விசாரிக்கிறேன் என்று பெரங்கியே என்ற நீதிபதி அவன் அம்மா கர்செந்தாவிடம் தன் வாயாலேயே சொல்லியிருந்தார்.

அந்த நம்பிக்கையில்தான் கர்செந்தா புதன்கிழமை காலையில் ஆற்றில் மகனுடைய சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். விசாரணைக்கு அழுக்குச் சட்டையோடு நிற்க வேண்டாமே என்று சாம்பல் போட்டு இரண்டு தரம் அலசினாள். ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கோட்டை வாசலுக்கு வந்தபோது ஜனங்கள் கலைந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

படகுத்துறைக் கோயிலில் இருந்த வெள்ளி நற்கருணைப் பாத்திரம் ஒரு ராத்திரி காணாமல் போனதுதான் வழக்கு. எல்செயார் படகுத்துறையில் கயிறு இழுப்பவன். இருபத்திரண்டு வயது. அன்று சாயங்காலம் கோயிலுக்குள் போய் வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அன்று துராஞ்ஸ் ஆற்றில் வெள்ளம். கோயிலிலிருந்து நேரே படகேறிப் போனவன் விடிகிறவரைக்கும் அக்கரையில் மாட்டிக்கொண்டு தன்னோடுதான் இருந்தான் என்று படகுக்காரர் பொன்ஸ் வியாழக்கிழமை வந்து சொல்வதாக இருந்தது. பாத்திரத்தை எடுத்தவன் யார் என்பது வல்பெல் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். நீதிபதியின் தங்கை மகன் கிகோ. குடித்துத் தீர்த்தவன். அவர் வீட்டுச் சோற்றைத் தின்பவன். சாட்சி வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நீதிபதிக்குத் தெரியாதா? அதனால் வியாழக்கிழமை வருவதற்கு முன்பே காரியத்தை முடித்துவிட்டார்.

"உடம்பைக் குடுங்கய்யா, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று அவள் காவல்காரனிடம் கேட்டாள்.

"பள்ளத்துல போட்டாச்சு. போம்மா" என்றான் அவன்.

மூன்று நாள் அவள் தூக்கில் போட்டவர்களை வீசும் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேடினாள். நாய் இழுத்துப் போட்ட எலும்பையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். மகன் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்திவிடவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள். ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற இடம் வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். அந்த வரி கடந்த பிறகு மறுபடி எல்லோரோடும் சேர்ந்துகொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

கர்செந்தாவுக்குத் தொழில் வச்சிரப் பசை காய்ச்சுவது. தோல் பதனிடுகிறவர்கள் கழித்துப் போடும் ஆட்டுத்தோல் துண்டுகளையும் காதுகளையும் வாங்கி வந்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் நாள் முழுக்க வேகவைத்து, வடிகட்டி ஆறவைப்பாள். தச்சர்களும் பெட்டி செய்கிறவர்களும் அவளிடம்தான் வாங்குவார்கள். அவள் வச்சிரம் வைத்து ஒட்டியதைப் பிரிக்க வேண்டுமானால் பலகையைத்தான் உடைக்க வேண்டும் என்பார்கள்.

எல்செயார் போன இரண்டாம் வருஷம் நீதிபதியின் ஒரே மகள் துசெலின் காய்ச்சலில் செத்துப்போனாள். பதினோரு வயசு. ஊரே அழுதது. கர்செந்தா அன்று வாசலில் நின்று சவ ஊர்வலம் போவதைப் பார்த்தாள். நீதிபதி தொப்பி இல்லாமல், ஒரு பக்கச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து போனார். அவளுக்கு இரக்கம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்திருப்பார் அல்லவா என்றுதான் தோன்றியது.

மகளுக்காக நீதிபதி கோயிலின் பக்கத்துப் பீடத்துக்கு ஒரு படம் எழுதச் சொன்னார். வியாகுல மாதா படம். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திக்கொண்டு மாதா உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் அவரும் துசெலினும் முழங்காலில் இருந்து கும்பிட வேண்டும். வடக்கேயிருந்து கொலார் என்ற ஓவியர் வந்தார். பழைய உப்புக் கிடங்கை எடுத்துக்கொண்டார். ஆள் உயரத்துக்கும் மேலான மூன்று அக்ரூட் மரப் பலகைகளை நெட்டுவாக்கில் நிறுத்திச் சேர்த்தார். அவற்றின்மேல் வெள்ளைப் பூச்சு பூச வச்சிரம் வேண்டுமென்று விசாரித்தபோது எல்லோரும் கர்செந்தாவின் வீட்டைத்தான் காட்டினார்கள்.

பக்கத்து வீட்டு மபில், தோல்காரன் பெண்டாட்டி, வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ஏண்டி, வெக்கமா இல்ல? அந்தாளு படத்துக்கா காய்ச்சிக் குடுக்கப் போற?"

"குடுக்கத்தான் போறேன்."

"நானா இருந்தா அந்தப் பானையில மூத்திரத்தப் பேஞ்சு குடுப்பேன்."

"போடி. அது ஒரு நாள் நாறும், அவ்வளவுதான்" என்றாள் கர்செந்தா.

அவள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். முதல் பானையைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அடி தீயவைத்தாள். பிறகு மூடி போட்டு நான்கு நாள் வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டாள். நாற்றம் தெரியாமலிருக்கக் காடியும் தைம் என்ற வாசனைத் தழையும் சேர்த்தாள். அப்படிக் கெட்ட வச்சிரம் பார்வைக்கு நல்லதுபோலவே உறையும், விரலில் ஒட்டும். ஆனால் அதில் உயிர் இருக்காது. நாலு குளிர்காலம், நாலு கோடை தாண்டினால் பூச்சு பலகையை விட்டுவிடும். நீதிபதி மகளுக்காகச் செய்யும் கும்பிடு, அவர் கண்ணெதிரிலேயே, செதில் செதிலாகக் கீழே விழும். அந்த நினைப்போடு இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் பானையைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். மூன்று பலகைகளும் வெள்ளையாகப் பூசித் தேய்த்து யானைத் தந்தம்போல மின்னின. நடுப் பலகையில் கரியால் கோடு போட்டிருந்தது. கொலார் பின்கட்டில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தார். சுவரில் நான்கைந்து காகிதங்கள் குத்தியிருந்தன.

பானையை இறக்கி வைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

காகிதத்தில் ஒரு செத்த ஆணின் உடம்பு. மார்பெலும்பு வில்லாகத் தூக்கி, கை ஒன்று தரையைத் தொடத் தொங்கியது. இடது தோளெலும்பில் ஒரு முடிச்சு. ஆறு வயதில் அத்திமரத்திலிருந்து விழுந்து முறிந்து கோணலாகக் கூடியது அது. வலது கை மோதிரவிரல், படகுக் கயிறு சுற்றி அறுத்ததால் நிமிராமலே போனது, காகிதத்திலும் நிமிராமல் மடங்கியிருந்தது. கழுத்தில் கயிற்றுத் தடம். அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். அங்கேயும் அதே தோள், அதே விரல். கழுத்துத் தடம் மட்டும் இல்லை. மாதாவின் மடியில் அவள் மகன் கிடந்தான்.

கொலார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வந்துட்டியாம்மா? வச்சிரத்தை அப்படி வை…"

"இவன எங்க பாத்தீங்க?"

"யார?"

"இவனத்தான். எம் மகன."

அவர் முகம் அந்தப் பலகையைவிட வெளுத்துவிட்டது. உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் பக்கத்துல அவிஞ்ஞோன்ல இருந்தேன். செத்த உடம்பு எப்படிக் கிடக்கும்னு பாத்து எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. தூக்குல போடறவன்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அவன் எடுத்துக்கிட்டு வந்தான். சத்தியமா யாரு, என்னன்னு கேக்கலம்மா. திருடன்னான்."

"எம் புள்ள திருடன் இல்ல."

"சரிம்மா."

"என்ன சரி? இல்லன்னு சொல்லுங்க."

"இல்ல. திருடன் இல்ல."

"எழுதி முடிச்சதும் என்ன பண்ணீங்க? நாய்க்குப் போட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. நானே கழுவினேன். துணி சுத்தினேன். இந்த ஊருக்கு வர்ற வழியில கர்த்தூசியன் மடத்து வடக்குச் சுவரு இருக்கில்ல, அதுக்கு வெளியில ரெண்டு பாதாம் மரம். அதுக்கு நடுவுல. ஒரு மெழுகுதிரி ஏத்தி வெச்சேன். பிரேதத்துக்கான செபம் எனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியைச் சொன்னேன்."

கர்செந்தா அழவில்லை. பலகைக்குப் போய் அந்தத் தோளெலும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வழுவழுவென்றிருந்தது. அவள் காய்ச்சிய வச்சிரத்தில் குழைத்த பூச்சு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நீதிபதி விழும்போது இவனும் விழுவான். தோள் போகும், விரல் போகும். தன் கையாலேயே மகனை இரண்டாம் தரம் கொன்றிருக்கிறாள்.

"இதச் சுரண்டுங்க" என்றாள்.

"என்னது?"

"சுரண்டிட்டு மறுபடி பூசுங்க. வச்சிரம் கெட்டது. நாந்தான் கெடுத்தேன்."

கொலாருக்குப் புரிய கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் எழுந்து நின்று, அவள் குலத்தையும் அவள் பானையையும் அவளைப் பெற்றவளையும் வடக்கத்திப் பேச்சில் வைதார். அவர் ஓயும்வரை அவள் நின்று கேட்டாள்.

"மூணு வார வேலைடீ! உன்னைப் பிடிச்சுக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"குடுங்க. தூக்குல போட்ட உடம்ப விலைக்கு வாங்கி, அத வெச்சு ஆண்டவரை எழுதறாருன்னு நானும் ஆயர் வீட்டுல போய்ச் சொல்றேன். ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

அவர் ஒரு சுரண்டியை எடுத்து முனையைக் கட்டைவிரலில் பார்த்துக்கொண்டார். "சரி. நல்ல வச்சிரம் எவ்வளவு நாள்ல தருவ?"

"நாலு நாள்ல. நடுப் பலகைக்கும் வலது பலகைக்கும்."

"இடதுக்கு?"

"அதுல யாரு வர்றா?"

"நீதிபதி. அவரு பொண்ணு."

"அது அப்படியே இருக்கட்டும்."

கொலார் அவளை உற்றுப் பார்த்தார். "அம்மா, அந்தாளு சரி. அந்தச் சின்னப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு? அதுவும் செத்துப்போன புள்ள."

கர்செந்தா பானையைத் தூக்கிக்கொண்டு, "அதுவும் சேந்து போகட்டும்" என்றாள்.

மாதாவின் பிறந்தநாளுக்குப் படத்தைப் பீடத்தில் ஏற்றினார்கள். தங்கப் பின்னணி மெழுகுதிரி வெளிச்சத்தில் தகதகத்தது. கொலார் அன்றே கோவேறு கழுதையில் வடக்கே கிளம்பிவிட்டார். நடுவில் எல்செயார் கிடந்தான். மாதா அவனைப் பார்க்காமல் கண்களைத் தாழ்த்தியிருந்தாள். இடது ஓரத்தில் கருஞ்சிவப்பு அங்கியில் நீதிபதி. அவர் பின்னால் கையகல முகத்தோடு துசெலின். நிஜ நீதிபதி வந்து முழங்காலில் விழுந்தார். தான் தூக்கில் போட்டவன் என்று தெரியாமலே அவனைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். கர்செந்தா தூண் ஓரத்தில் நின்று பார்த்தாள். இன்னும் நல்லாக் கும்பிடு என்று மனசுக்குள் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் போனாள். மடத்துச் சுவருக்கு வெளியே பாதாம் மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அங்கிருந்து நேரே கோயிலுக்கு வருவாள்.

படம் ஏற்றிய ஐந்தாம் வருஷம் பனிக்காலம் முடிந்ததும் நீதிபதியின் கூப்பிய கையில் முதல் விரிசல் விட்டது. பாஸ்கா திருநாளுக்குள் விரல் நுனிகள் உதிர்ந்தன. கோயில் ஊழியம் பார்க்கும் பிள்ளை பீடத்து விரிப்பிலிருந்து செதில்களைப் பெருக்கி எடுத்தான். அடுத்த வருஷம் இரண்டு கையும் இல்லை. சந்தையில் பேச்சு புறப்பட்டது.

"பாத்தியா, ஆண்டவருக்கே அந்தாளு கும்பிடு பிடிக்கலையாம். கைய வெட்டிட்டாரு."

"நடுவுல ஒரு கீறல் இருக்கா பாரு. எல்லாம் அவரு பக்கந்தான்."

மபில் ஒருநாள் வேலியோரம் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏண்டி, மூத்திரத்தவிட நல்ல வேலைடி" என்றாள். கர்செந்தா பானையைக் கிளறினாள்.

ஏழாம் வருஷம் நீதிபதி அவள் வீட்டுக்கே வந்தார். பதவியை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. ஆள் ஒடுங்கிப்போயிருந்தார். உட்காரச் சொல்வாள் என்று பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"அவிஞ்ஞோன்லேருந்து ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வந்து படத்தக் காமிச்சேன். இடது பலகையில மட்டும் வச்சிரம் கெட்டதுன்னான். வச்சிரம் காய்ச்சினது நீ."

"ஆமா, நாந்தான்."

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் முகம் போனா போகட்டும். நெத்தி போயிடுச்சு, ஒரு கண்ணு போயிடுச்சு, அதப் பத்திப் பேச வரல. துசெலின் முகத்துல நேத்து ஒரு விரிசல் பாத்தேன். அவ மூஞ்சி எனக்கு மறந்துகிட்டே வருது கர்செந்தா. அதுல பாத்துத்தான் ஞாபகம் வெச்சிருக்கேன். அத நிறுத்தறதுக்கு வழி உனக்குத் தெரியும். என்ன வேணும், கேளு."

கர்செந்தா பாவாடையில் கையைத் துடைத்தாள். "சனிக்கிழமை சந்தையில, தமுக்கு அடிச்சு, பாத்திரத்த யாரு எடுத்தான்னு சொல்லுங்க. எம் மகன் எடுக்கலன்னு சொல்லுங்க. சாட்சி வர்றதுக்கு முன்னாடி ஏன் தூக்குல போட்டீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் வாங்க, வழி சொல்றேன்."

சனிக்கிழமை அவர் சொன்னார். தமுக்கு அடிப்பவனைச் சொல்லச் சொல்லாமல், மீன் விற்கும் கல்மேல் தானே ஏறி நின்று சொன்னார். கிகோவின் பெயரைச் சொன்னபோது அவருடைய தங்கை கூட்டத்துக்குள்ளிருந்து, "நீ நாசமாப் போக!" என்று கத்திக்கொண்டு அழுகிய கோஸை வீசினாள். அதற்குப் பிறகு தங்கை வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை. மார்செய்யில் துறைமுகக் கணக்கனாக இருந்த கிகோ கப்பலேறிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். படகுக்காரர் பொன்ஸ் கிழவனாகியிருந்தார். கூட்டத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தேம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீதிபதி அவள் வாசலில் நின்றார். "சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"அதை நிறுத்தற வழி."

"வழி இல்லைங்கய்யா. கெட்ட வச்சிரத்துக்கு மருந்தே கிடையாது. உதிர ஆரம்பிச்சா உதிர்ந்துதான் தீரும்."

"சொல்றேன்னு வாக்குக் குடுத்தியே."

"நீங்க வியாழக்கிழமை விசாரிக்கிறேன்னு வாக்குக் குடுத்தீங்களே."

அவர் முகம் தொங்கிப்போனது. எதிர்பார்த்தது நடந்துவிட்டது. ஒன்பது வருஷமாக அவள் காத்திருந்த முகம் அதுதான். அதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். அவர் திரும்பிப் போனபோது ஒரு கல் தடுக்கி, வேலியைப் பிடித்து நின்று, மறுபடி நடந்தார். அன்று ராத்திரி அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அடுத்த வருஷத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். புதிதாக வந்திருந்த குருவானவர் இளவயசுக்காரர். "இதுக்கெல்லாம் மனசு நொந்து மனஸ்தாபப்படறியாம்மா?" என்று கேட்டார்.

"அந்தச் சின்னப் பொண்ணுக்காகப் படறேன் சாமி. அவ மூஞ்சி போனதுக்கு."

"அவருக்காக?"

"இல்ல சாமி."

"பாதி மனஸ்தாபத்துக்குப் பாவமன்னிப்பு குடுக்க முடியாதும்மா."

"தெரியும் சாமி. பொய் சொல்லி வாங்கிட்டுப் போக நான் வரல."

"அப்ப எதுக்கு வந்த?"

"முழுசும் வருதான்னு வருஷா வருஷம் வந்து பாத்துட்டுப் போறேன். வராமலும் போகலாம். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க."

எழுந்து பக்கத்துப் பீடத்துக்கு வந்தாள். இடது பலகையில் அங்கியின் கீழ்மடிப்பும் ஒரு சிறுமியின் தலைமுக்காடும் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றதெல்லாம் வெறும் அக்ரூட் மரம். அதன் எதிரில் இருந்த ஒரே பெஞ்சில் நீதிபதி ஏற்கெனவே உட்கார்ந்து அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மகனுக்கு நேராக வரும் இடத்தில் அவர் கால் நீண்டிருந்தது.

"தள்ளுங்க" என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்து, ஜெபமாலையை எடுத்து, தோளெலும்பின் முடிச்சைப் பார்த்தபடி முதல் மணியை உருட்டினாள். அவர் பக்கம் அவள் திரும்பவேயில்லை.